அந்த ரிப்போர்ட் யாருடையது என்று சர்வர் கேட்டதா?

போன வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து அவர்களுடைய ஆப்பில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துத் தரச் சொல்லி வந்தார்கள். பெயர் வேண்டாம், நாலைந்து ஊர்களில் கிளை வைத்திருக்கிற இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், உள்ளே போனால் நம் ரிப்போர்ட்டுகள் வரிசையாக நிற்கும், தொட்டால் திறக்கும், அவ்வளவுதான் ஆப். நன்றாகவே செய்திருந்தார்கள். ஓடிபியை மூன்று தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொண்டது, மறந்துபோக கடவுச்சொல் என்று ஒன்றே கிடையாது, எங்கேயும் எச்டிடிபிஎஸ் என்கிற மறையாக்க இணைப்பு. முதல் அரை மணி நேரம் எனக்குக் கொஞ்சம் அலுப்பாகக்கூட இருந்தது.

அப்புறம் போனுக்கும் சர்வருக்கும் நடுவில் பர்ப் சூட்டை உட்கார வைத்தேன். நாங்கள் தினமும் புழங்குகிற கருவி அது, ஆப் அனுப்புகிற ஒவ்வொரு கோரிக்கையையும் வழிமறித்து, படித்து, வேண்டுமானால் மாற்றி அனுப்பலாம். என் சோதனைக் கணக்கில் இருந்த ரிப்போர்ட்டைத் தொட்டேன். 48213 என்ற எண் சர்வருக்குப் போனது. கடைசி 3-ஐ 2 ஆக்கி மறுபடி அனுப்பினேன். 61 வயது அம்மா ஒருவரின் சர்க்கரை அளவு, பெயர், போன் எண், எழுதிக் கொடுத்த டாக்டரின் பெயர் எல்லாம் அழகாக வந்து நின்றது. இத்தனைக்கும் அது சோதனைச் சர்வர். பொய்த் தரவு போட நேரமில்லை என்று நிஜ டேட்டாபேஸையே நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அதுவே தனியாக ஒரு ஓட்டை, அதையும் எழுதிக் கொடுத்தேன்.

என்ன நடந்தது? 'நீ லாகின் செய்தவனா' என்று சர்வர் கேட்டது. 'இந்த ரிப்போர்ட் உன்னுடையதா' என்று கேட்கவில்லை. கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில், கையில் டோக்கன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, நாம் கைகாட்டுகிற செருப்பை எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

இது அபூர்வமான கேஸ் இல்லை. வெப் அப்ளிகேஷன் ஆபத்துகளை ஓவாஸ்ப் என்கிற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு வரிசைப்படுத்தி வெளியிடுகிற டாப் 10 பட்டியலில், அனுமதிச் சோதனை சரியில்லாமல் போவது 2017-ல் ஐந்தாவது இடத்தில் இருந்தது, 2021-ல் முதலிடத்துக்கு வந்துவிட்டது. பல வருஷம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்த எஸ்க்யூஎல் இஞ்செக்‌ஷன் வகையறா, அதாவது உள்ளீட்டுப் பெட்டி வழியாகக் கட்டளையைத் திணிக்கிற தாக்குதல், மூன்றாவதுக்கு இறங்கியது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆப் கட்டப் பயன்படுகிற ஆயத்த அடித்தளங்களான இன்றைய ஃபிரேம்வொர்க்குகள் இஞ்செக்‌ஷனைப் பெரும்பாலும் தாங்களே தடுத்துவிடுகின்றன. ஆனால் 48212 யாருடைய ரிப்போர்ட் என்பது எந்த ஃபிரேம்வொர்க்குக்கும் தெரியாது. அது அந்த லேபுக்கு மட்டுமே தெரிந்த விஷயம், கோடு (நிரல்) எழுதுகிறவர்தான் சொல்லித்தர வேண்டும்.

ஓட்டைகளைத் தானாகத் தேடுகிற ஸ்கேனர் மென்பொருள் வாங்கிவிட்டோமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். ஸ்கேனரைப் பொறுத்தவரை கோரிக்கை போனது, 200, அதாவது 'சரி', என்று பதில் வந்தது, உள்ளே ஒழுங்கான தரவு இருந்தது, எல்லாம் சுபம். வந்தது அடுத்தவர் வீட்டுத் தரவு என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பழைய லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்த நிரல்), விடுபட்ட பாதுகாப்பு ஹெடர் இதையெல்லாம் அது நன்றாகவே பிடிக்கும். 'கிரிட்டிக்கல் பூஜ்யம்' என்று அது அச்சடித்துத் தருகிற பக்கத்தை நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள் என்கிறேன்.

மீட்டிங்கில் இதைக் காட்டியபோது அந்த ஆப்பை எழுதிய பையன் கேட்டான்: "ஆப்புல அந்த நம்பரை மாத்த வழியே இல்லையே சார்?" நியாயமான கேள்வி. என்னையும் ஒரு காலத்தில் இதே எண்ணம்தான் ஏமாற்றியது. திரையில் இல்லாத பட்டனை யாராலும் அழுத்த முடியாது என்று நினைக்கிறோம். சர்வருக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு வருவது ஒரு கோரிக்கை, உங்கள் ஆப்பிலிருந்தும் வரும், என் லேப்டாப்பிலிருந்தும் வரும், இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்கு நம்பகமான வழி கிடையாது.

எனக்கு இதைவிட சுவாரஸ்யமாகப் பட்டது, கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கிற கிட்டில் பழைய கமிட்டுகளை (மாற்றப் பதிவுகளை) பார்த்தபோது தெரியவந்த கதை. முதல் பதிப்பில் அந்தச் சோதனை இருந்திருக்கிறது! ரிப்போர்ட்டில் உள்ள மொபைல் எண்ணும் லாகின் செய்தவரின் மொபைல் எண்ணும் ஒன்றா என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். பிறகு, அப்பாவின் ரிப்போர்ட்டை மகள் தன் போனில் பார்க்க வேண்டும், குடும்பத்துக்கு ஒரே கணக்கு போதும் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. புது வசதியைச் சேர்த்ததும் மகளுக்கு ரிப்போர்ட் திறக்கவில்லை, வெளியீடு மறுநாள், அந்த ஒரு வரியை ஓடாதபடி கமெண்ட் செய்துவிட்டு 'தற்காலிகம்' என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். பதினோரு மாதம் அப்படியே கிடந்தது. நான் பார்க்கிற ஓட்டைகளில் பாதி இப்படித்தான் பிறக்கிறது, ஆரம்பத்தில் சரியாக இருந்த ஒன்று புது வசதி வரும்போது அவசரத்தில் கழற்றப்படுகிறது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பென்டெஸ்ட் (தாக்குகிறவர் போல உள்ளே நுழையப் பார்க்கிற சோதனை) செய்து சான்றிதழைச் சுவரில் மாட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அங்கேதான் நிஜமான தலைவலி ஆரம்பம். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்பது வீடு வாங்கும்போது உரிமைப் பத்திரத்துக்குக் காப்பீடு தருகிற பெரிய நிறுவனம். பத்திரங்களை சம்பந்தப்பட்டவர்களுக்கு லிங்க்காக அனுப்புவார்கள். லிங்க்கில் ஒரு வரிசை எண் இருக்கும், எண்ணை மாற்றினால் வேறு யாருடைய பத்திரமோ திறக்கும், லாகின்கூட வேண்டாம். 2003 வரை பின்னோக்கிப் போகிற சுமார் 88.5 கோடி கோப்புகளை இப்படித் திறக்க முடிந்தது என்று 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதினார். வங்கிக் கணக்கு எண், வரிக் கணக்கு, சோஷியல் செக்யூரிட்டி எண், ஓட்டுநர் உரிமத்தின் படம் என்று எல்லாம் அதில் இருந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த எண்ணிக்கை இல்லை. 2018 டிசம்பரிலேயே நிறுவனத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழு பென்டெஸ்ட் செய்து இதே ஓட்டையைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தது! பின்னால் நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை போட்ட வழக்கில் மீதி வெளியே வந்தது. ஓட்டை 2014-ல் நடந்த ஒரு மென்பொருள் மாற்றத்தில் வந்தது, கண்டுபிடித்த பிறகு ஆபத்து குறைவு என்று தவறாக வகைப்படுத்தினார்கள், கோடிக்கணக்கான கோப்புகளில் பத்தை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டார்கள், நிறுவனத்தின் சொந்த விதி சொன்ன கெடுவுக்குள்ளும் சரிசெய்யவில்லை என்பது அந்தத் துறையின் குற்றச்சாட்டு. 2023 நவம்பரில் பத்து லட்சம் டாலர் அபராதத்தோடு அது முடிந்தது. கண்டுபிடித்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ரிப்போர்ட் ஏதோ ஒரு வரிசையில் மஞ்சள் நிறத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதனால் இப்போதெல்லாம் ரிப்போர்ட்டில் 'மீடியம்', 'ஹை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதில்லை. 'சிறு நிரல் ஒன்றை ஓடவிட்டால் உங்கள் எல்லா நோயாளிகளின் ரிப்போர்ட்டும் ஒரே ராத்திரியில் வெளியே போகும்' என்று எழுதுகிறேன். முதலாளிக்குப் புரிகிற வாக்கியம் அதுதான். கூடவே, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தனிநபர் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட 2023-ம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது என்றும் ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரியை யாரும் தாண்டிப் போவதில்லை.

லேப் கதைக்கு வருவோம். ஒரு வாரத்தில் 'ஃபிக்ஸ்ட்' என்று டிக்கெட்டை (நான் பதிந்த புகாரை) மூடிவிட்டார்கள். மறுபடி சோதித்துப் பார்த்தால், 48213 என்கிற எண்ணுக்குப் பதிலாக 36 எழுத்து நீளத்தில் ஊகிக்கவே முடியாத ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியிலிருந்து எடுத்து ஓட்டுக்கு மேலே வைத்த மாதிரி. ஊகிப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நீள எழுத்து லிங்க்காக வாட்ஸாப்பில் ஃபார்வர்டு ஆகும், சர்வர் லாக்கில் பதியும், உலாவியின் வரலாற்றில் உட்காரும். எங்கிருந்தாவது யார் கைக்காவது அது கிடைத்துவிட்டால், 'இது உன்னுடையதா' என்று கேட்க இப்போதும் ஆளில்லை.

இரண்டாவது தடவை நிஜமாகவே சோதனையைச் சேர்த்தார்கள், ரிப்போர்ட் பார்க்கிற இடத்தில் மட்டும். அதே ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக இறக்குகிற வழி வேறு, அங்கே இல்லை. பழைய ஆண்ட்ராய்டு ஆப் வைத்திருப்பவர்களுக்காக உயிரோடு விட்டிருந்த முதல் பதிப்பு ஏபிஐயிலும் (ஆப் சர்வரிடம் தரவு கேட்கிற வாசல்) இல்லை. கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதை. நான் கண்டுபிடித்தது ஒரே ஒரு இடம் என்றால், அதே கை அதே பழக்கத்தில் எழுதிய மற்ற இடங்களையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பதை டெவலப்பர்களிடம் எத்தனை தடவை சொன்னாலும், டிக்கெட்டில் எழுதிய முகவரியை மட்டும்தான் திருத்துகிறார்கள். டிக்கெட் எழுதுகிற எங்கள் மீதும் தப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவைதான் வேரில் கைவைத்தார்கள். ரிப்போர்ட்டை எண்ணை மட்டும் வைத்துத் தேடுகிற குவெரியே (டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்வியே) கோடில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். 'இந்த எண், அதோடு இந்தப் பயனர் பார்க்க உரிமை உள்ளது' என்று இரண்டும் சேர்ந்துதான் தேட முடியும், அந்தப் பயனர் யார் என்பது ஆப் அனுப்புகிற தகவலிலிருந்து வராது, சர்வர் தன்னிடம் உள்ள லாகின் பதிவிலிருந்து (செஷன்) எடுத்துக்கொள்ளும். அப்பா, மகள் விவகாரத்துக்கு 'யார் யாருடையதைப் பார்க்கலாம்' என்று தனி அட்டவணை, அப்பாவின் எண்ணுக்கு ஓடிபி போய் அவர் சம்மதித்தால்தான் அதில் வரி ஏறும். உரிமை இல்லாத எண்ணைக் கேட்டால் 'அனுமதி இல்லை' என்று சொல்லாமல் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று 404 கொடுக்கச் சொன்னேன். அனுமதி இல்லை என்றால், அந்த எண்ணில் ஏதோ இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்தது ஆகிவிடும்.

கடைசியாக இதற்கு ஒரு தானியங்கிச் சோதனை எழுத வைத்தோம். இரண்டு கணக்கு, முதல் கணக்கின் டோக்கனை (லாகின் செய்ததற்கான அடையாளத்தை) வைத்துக்கொண்டு இரண்டாவது கணக்கின் ஒவ்வொரு பொருளையும் எல்லா ஏபிஐயிலும் கேட்பது, எங்கேயாவது 200 வந்தால் வெளியீடு நின்றுவிடும். இதைச் செய்ய என்னைப் போன்ற ஆள் வேண்டியதே இல்லை. உங்கள் சொந்த ஆப்பில் இரண்டு கணக்கும் அரை நாளும் இருந்தால் போதும், இன்றைக்கே பார்த்துவிடலாம். அடுத்தவர் ஆப்பில் மட்டும் வேண்டாம். அனுமதியில்லாமல் எண்ணை மாற்றிப் பார்ப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43, 66-க்குள் வரக்கூடும், மூன்று வருஷம் வரை சிறை என்று அதில் இருக்கிறது.

சரிசெய்ததாக நினைத்து ஏமாறுகிற இடங்கள் இன்னும் உண்டு. கிட்டில் தெரியாமல் ஏறிவிட்ட கிளவுட் கணக்கின் ரகசியச் சாவியை அடுத்த கமிட்டில் அழித்துவிட்டு 'எடுத்துட்டோம்' என்பார்கள், பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், அந்தச் சாவியையே ரத்து செய்து புதிது வாங்கினால்தான் கணக்கு. 2021 டிசம்பரில், ஏராளமான ஜாவா மென்பொருள்களுக்குள் இருக்கிற லாக்4ஜே என்கிற லைப்ரரியில் பிரச்சினை வெடித்தபோது 2.15 பதிப்புக்கு மாற்றினோம், போதாது என்று 2.16 வந்தது, அதிலும் குறை என்று 2.17 வந்தது, எல்லாம் அந்த ஒரே மாதத்தில். எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது பேட்ச் போடுவதில்லை, அந்த லைப்ரரி எந்தெந்த ஜார் கோப்புக்குள் (ஜாவா நிரல்களின் தொகுப்பு) எந்த ஜார் கோப்பாக ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில்தான். உள்ளே என்னென்ன லைப்ரரி, எந்தப் பதிப்பு என்ற பட்டியலைக் கையில் வைத்திருந்தவர்கள் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது ஏஐ எழுதித் தருகிற கோடும் வருகிறது. சுத்தமாக இருக்கிறது, ஓடுகிறது. ஆனால் எண்ணைக் கொடுத்தால் ரிப்போர்ட்டைத் தருகிற நிரலை எழுதித் தரச் சொன்னால் அது கேட்டதைத்தான் தரும், யார் பார்க்கலாம் என்பதை நீங்கள் சொல்லவில்லை என்றால் அதுவும் கேட்பது அரிது.

ஒன்று விட்டுப்போனது. ஃபர்ஸ்ட் அமெரிக்கன் விஷயத்தைக் கிரெப்ஸிடம் சொன்னவர் வாஷிங்டன் மாநிலத்தில் ரியல் எஸ்டேட் தொழில் செய்கிற ஒருவர். முதலில் நிறுவனத்திடம்தான் சொல்லப் பார்த்திருக்கிறார், சரியான பதில் கிடைக்கவில்லை. லேப் வேலையை முடிக்கிற அன்று அந்த ஞாபகத்தில், "நான் இல்லாமல் வெளியாள் யாராவது இதைப் பார்த்திருந்தால் உங்களுக்கு எங்கே எழுதுவார்?" என்று கேட்டேன். வெப்சைட்டின் அடியில் இருக்கிற பொது மெயில் முகவரியைக் காட்டினார்கள். அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டதற்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே திறக்கச் சொன்னேன். படிக்காத மெயில் நானூற்றுச் சொச்சம் இருந்தது. 'செக்யூரிட்டி' என்று தேடியதும் ஐந்து மாதத்துக்கு முந்தைய மெயில் ஒன்று மேலே வந்தது. யாரோ ஒரு கல்லூரி மாணவர், பாதி ஆங்கிலம் பாதி தமிழில், ரிப்போர்ட் எண்ணை மாற்றினால் வேறு ஒருவருடையது வருகிறது, தயவுசெய்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்.