பிட் லாஸ்: சொல்லும் கணக்கும்

ஃபார்முலா ஒன் பந்தயம் பார்க்கிறவர்கள் காதில் அடிக்கடி விழும் சொல் 'பிட் லாஸ்'. டயர் மாற்ற உள்ளே போய் வருவதால் ஒரு காருக்கு எத்தனை விநாடி நஷ்டம் என்பதே பொருள். இதை 'நிறுத்த நேரம்' என்று தமிழில் எழுதினால் அர்த்தமே மாறிவிடும். கார் நிற்பது இரண்டு, இரண்டரை விநாடிதான். 2023 கத்தார் பந்தயத்தில் லாண்டோ நோரிஸின் காருக்கு மெக்லாரன் குழு நான்கு டயரையும் 1.80 விநாடியில் மாற்றியது. ஆனால் ஒருமுறை உள்ளே போனால் பல தடங்களில் இருபது விநாடிக்கு மேல் போய்விடும்.

மிச்சம் எங்கே போகிறது? பிட் லேனில், அதாவது டயர் மாற்றும் இடங்களுக்குப் போய்வரத் தடத்தோரம் இருக்கும் தனிப்பாதையில். அங்கே வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.; மொனாக்கோ போன்ற குறுகலான இடத்தில் 60. லேனின் நீளம் 350 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80-ல் போனால் ஏறத்தாழ 16 விநாடி. வெளியே 250-ல் போகிற கார் அதே தூரத்தை 5 விநாடியில் தாண்டிவிடும். நிற்காமலே 11 விநாடி காலி! அப்புறம் நின்ற நேரம், பிரேக் பிடித்து நுழைவது, மறுபடி வேகமெடுப்பது எல்லாம் சேரும்.

கணக்கு போடுவது எளிது. உள்ளே வரும் சுற்றையும் வெளியேறும் சுற்றையும் கூட்டி, வழக்கமான இரண்டு சுற்றுகளைக் கழிக்க வேண்டும். வழக்கமான சுற்று 90 விநாடி, உள்ளே வந்தது 95, வெளியேறியது 107 என்றால் 202-இல் 180 போக, இழப்பு 22. ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். முடிவுக்கோடு பிட் லேனையும் கடந்து போகிறது, குழுவின் இடம் கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதைப் பொறுத்து நஷ்டம் இந்தச் சுற்றிலோ அடுத்ததிலோ விழும். விபத்து போன்ற சமயத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பாதுகாப்பு கார் முன்னால் வந்து எல்லாரும் மெதுவாகப் போகும்போது உள்ளே வந்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

2004 பிரெஞ்சுப் பந்தயத்தில் மைக்கேல் ஷூமாக்கர் நான்கு முறை நின்றும், மூன்று முறை நின்ற அலோன்சோவை வென்றார். அந்த மேனி-கூர் தடத்தில் பிட் இழப்பு குறைவு என்பதால்தான் அப்படித் துணிய முடிந்தது.

சரி, 'பிட்' என்றால் குழி. 1908-இல் டியெப்பில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தில் குழுக்களுக்காகத் தடத்தோரம் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது என்பார்கள். பள்ளம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அதனால் 'குழி நிறுத்தம்' பொருந்தாது. நமக்கு அது பஸ் டெப்போவில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தைத்தான் நினைவூட்டும்.

நம்மிடம் 'வண்டிப்பேட்டை' இருக்கிறது. மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டி, அச்சுக்கு மை போட்டு, மறுபடி பூட்டிக் கிளம்புகிற இடம். வேலையும் அதேதான். ஆகவே பேட்டை நிறுத்தம், பேட்டைத் தடம், பேட்டை இழப்பு என்பதே என் தேர்வு. வர்ணனையில் இப்படி வரலாம்: "பேட்டை இழப்பு 22 விநாடி. பின்னால் வருகிறவர் 24 விநாடி தள்ளி இருக்கிறார். இப்போது உள்ளே வந்தால் இடம் போகாது."