எங்கே சோதித்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள்? மென்பொருள் துறையில் ஆதாரம் கேட்கும் பழக்கம்

மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் இயங்கும் நிறுவனங்களாக இருந்தாலும், அண்ணா நகரில் ஒரு வீட்டு மாடியில் பத்துப் பேரை வைத்து நடத்தப்படும் சிறு நிறுவனமாக இருந்தாலும், மென்பொருள் எழுதும் இடங்களில் சில முடிவுகள் திரும்பத் திரும்ப எடுக்கப்படுகின்றன. அடுத்த புராஜெக்டை எந்த நிரல்மொழியில் எழுதுவது, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவைக் கட்டாயமாக்குவதா, டெஸ்டிங்கில் எவ்வளவு பகுதியைத் தானியங்கியாக்குவது, செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு ஆளுக்கொரு சந்தா வாங்குவதா என்பவை அவை. மென்பொருள் தரச் சோதனைப் பிரிவில் நெடுங்காலமாகப் பணியாற்றி வரும் நான் இத்தகைய கூட்டங்கள் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். அங்கே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது மூத்தவர் ஒருவரின் அனுபவமோ, கருவியை விற்க வந்தவர் காட்டும் விளக்கப்படமோதான். "இதை யார், எங்கே சோதித்துப் பார்த்தார்கள்?" என்ற கேள்வி எழுவது அரிது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம் தொழிலில் வேரூன்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 564 டெவலப்பர்களிடம் அவர்களுடைய தொழில் நம்பிக்கைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கப்பட்டது. தங்கள் சொந்த அனுபவத்திலிருந்து என்பதே முதன்மையான விடையாக இருந்தது. ஆராய்ச்சி முடிவுகளுக்கு அதில் மிகச் சிறிய இடமே இருந்தது. அத்துடன், ஒரு புராஜெக்டில் வேலை செய்பவர்களின் நம்பிக்கையும் அதே புராஜெக்டின் பதிவுகள் காட்டும் உண்மையும் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. அனுபவம் மதிப்புடையதுதான். ஆனால் அது நாம் செய்து பார்த்த வழியை மட்டுமே காட்டும். செய்யாமல் விட்ட வழியில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லை.

செய்யாமல் விட்ட வழியையும் கூடவே சோதிப்பது எப்படி என்பதற்கு மதுரையிலேயே உலகத் தரமான எடுத்துக்காட்டு இருக்கிறது. வயல் வேலையில் நெல்தாளோ தூசியோ கண்ணில் பட்டு, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்து பார்வை இழப்பவர்கள் நம் பகுதியில் பலர். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள நாட்டமைசின் சொட்டு மருந்தா, கண்ணுக்குள் நன்றாக ஊடுருவக்கூடிய புதிய மருந்தான வோரிகோனசோலா, எது இவர்களுக்கு நல்லது என்ற கேள்விக்கு, மதுரை உள்ளிட்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து விடை தேடின. 323 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, யாருக்கு எந்த மருந்து என்பதை மறைத்து வைத்து நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2013-ல் அச்சானது. பழைய மருந்தைப் பெற்றவர்களுக்கே பார்வை கூடுதலாகத் தேறியது. கருவிழி துளைபடுவதும் அவர்களிடம் குறைவாக இருந்தது. புதிய மருந்தின் மீது எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தாலும், இப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் அது தெரியவந்திருக்காது.

மருத்துவத்தின் இந்த வழியை மென்பொருளுக்கும் கொண்டுவர வேண்டும் என்று பார்பரா கிச்சன்ஹாமும் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் இருவரும் 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆதாரம் சார்ந்த மென்பொருள் பொறியியல் என்ற பெயர் அதிலிருந்தே நிலைபெற்றது. மருந்தைப் போல் மறைத்துக் கொடுக்கும் வசதி நமக்கு இல்லை. தான் எந்தக் கருவியால் வேலை செய்கிறோம் என்பது டெவலப்பருக்குத் தெரிந்தே இருக்கும். இந்த வேறுபாட்டை அக்கட்டுரையே எடுத்துச் சொல்கிறது. அதனால்தான் நம் துறை ஆய்வுகளைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

சிறந்த புரோகிராமர் சராசரி ஆளைப் போல் பத்து மடங்கு வேலை செய்வார் என்ற கூற்றைக் கேளாதவர்கள் நம் தொழிலில் இருக்க மாட்டார்கள். 1968-ல் சாக்மன் என்பவரும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. கணினியோடு நேரடியாக உட்கார்ந்து வேலை செய்வது மேலா, வேலையைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கும் பழைய முறை மேலா என்பதை அறியவே அவர்கள் அந்தச் சோதனையைச் செய்தார்கள். அனுபவமுள்ள புரோகிராமர்கள் 12 பேர் மட்டுமே அதில் இருந்தார்கள். பிழை நீக்கும் நேரத்தில் மிக மெதுவானவருக்கும் மிக வேகமானவருக்கும் 28:1 என்ற இடைவெளி இருப்பதாக அவர்கள் எழுதியது பரவிவிட்டது. ஆனால் அந்த எண் வெவ்வேறு சூழலில் வேலை செய்தவர்களை ஒரே தட்டில் வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆளுக்கு ஆள் திறமை வேறுபடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேறொரு கேள்விக்காக 12 பேரிடம் எடுத்த எண்ணை வைத்து இன்று ஒருவருடைய சம்பளத்தை நிர்ணயிப்பது நியாயமாகாது.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் ஆய்வு உறுதியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2014-ல் ஒரு குழு, டெவலப்பர்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து 729 புராஜெக்டுகளை எடுத்து, 17 நிரல்மொழிகளில் எதில் பிழைகள் மிகுதி என்று கணக்கிட்டது. சில மொழிகளில் பிழை குறைவு, சிலவற்றில் கூடுதல் என்று வந்த முடிவைப் பலர் மேற்கோள் காட்டினார்கள். 2019-ல் வேறொரு குழு அதே தரவை மீண்டும் எடுத்து ஆராய்ந்தபோது, டைப்ஸ்கிரிப்ட் என்று கணக்கில் சேர்க்கப்பட்டிருந்த கோப்புகளில் ஒரு பகுதி நிரலே அன்று என்பது தெரியவந்தது. பிட்காயின் போன்ற புராஜெக்டுகளில், திரையில் தோன்றும் சொற்களைப் பல மனித மொழிகளில் பெயர்த்து வைக்கும் கோப்புகளின் பெயரும் டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளைப் போலவே டி.எஸ். என்று முடியும். அவற்றை நிரலாக எண்ணிவிட்டார்கள். டைப்ஸ்கிரிப்ட் வெளிவந்ததே 2012-ல். அதற்கு முந்தைய தேதியிட்ட மாற்றங்கள்கூட அந்த மொழியின் கணக்கில் இருந்தன.

அதைவிட முக்கியமான குறை, எது பிழை திருத்தம் என்று முடிவு செய்த விதத்தில் இருந்தது. மாற்றத்தோடு டெவலப்பர் எழுதும் ஒருவரிக் குறிப்பில் 'பக்' (பிழை), 'ஃபிக்ஸ்' (திருத்தம்) போன்ற சொற்கள் இருந்தால் அதைப் பிழை திருத்தமாக எண்ணினார்கள். அப்படி எண்ணப்பட்டவற்றில் ஒரு மாதிரியை மனிதர்கள் படித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உண்மையில் பிழை திருத்தங்களே அல்ல. திருத்திய கணக்கில், 11 மொழிகளுக்குப் பிழைகளோடு இருந்த தொடர்பு 4 மொழிகளுக்கு மட்டுமே எஞ்சியது. அதுவும் மிகச் சிறிய அளவில். முதல் குழுவினர் இந்த மறுஆய்வுக்கு மறுப்பும் எழுதினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று, விவாதம் முடிந்துவிடவில்லை. ஆயினும் ஒரு மொழியை இந்த ஆய்வைக் காட்டி விற்க முயல்பவரிடம் மறுஆய்வைப் படித்தீர்களா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இன்று கூட்டங்களில் மிகுதியாகக் காட்டப்படும் எண்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியவை. அவற்றில் இரண்டு சோதனைகளை மட்டும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன், ஏனென்றால் இரண்டுமே குலுக்கல் முறையில் நடந்தவை, முடிவுகளோ எதிரெதிரானவை. 2023-ல் வெளியான ஒன்றில் 95 புரோகிராமர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சிறிய வெப் சர்வரை எழுதும் வேலை தரப்பட்டது; நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் கருவியை வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். 2025-ல் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு நடத்திய மற்றொன்றில், நிரலை யாரும் பார்க்கக்கூடிய பெரிய திறமூலப் புராஜெக்டுகளில் பல ஆண்டுகள் பழகிய 16 டெவலப்பர்கள், தங்கள் புராஜெக்டிலேயே நிலுவையில் இருந்த 246 வேலைகளைச் செய்தார்கள். எந்த வேலைக்குக் கருவியைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கருவியை அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது.

இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. புதிதாக, வெறும் தாளில் தொடங்கும் சிறு வேலை ஒன்று. லட்சக்கணக்கான வரிகள் கொண்ட, ஒவ்வொரு மூலையும் தெரிந்த பழைய நிரலில் செய்யும் திருத்தம் மற்றொன்று. முதல் சோதனையை நடத்தியவர்களில் கருவியைத் தயாரித்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும், இரண்டாவதில் ஆட்கள் 16 பேர்தான் என்பதையும், அது அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது வேறு. வேலைக்கு முன் அந்த டெவலப்பர்கள் நேரம் 24 சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். எல்லாம் முடிந்த பின்பும், 20 சதவீதம் குறைந்ததாகவே நம்பினார்கள். தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்த அனுபவசாலிகளுக்கே அது வேகமாயிற்றா மெதுவாயிற்றா என்பது தெரியவில்லை. அப்படியிருக்க, மாத இறுதியில் கருவி பயனுள்ளதா என்று ஒரு படிவம் அனுப்பி, அதில் வரும் பதில்களைக் கொண்டு சந்தாவைப் புதுப்பிப்பது எந்த வகையில் ஆதாரம் ஆகும்?

சோதனை முதலில் எழுதி நிரலைப் பின்பு எழுதும் முறை, இருவர் சேர்ந்து ஒரே கணினியில் நிரல் எழுதும் முறை ஆகியவற்றுக்கும் ஆய்வுகள் உண்டு. ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களின் நான்கு குழுக்களை வைத்து 2008-ல் வெளியான ஆய்வு, முதல் முறையில் குறைபாடுகள் 40 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாகவும், தொடக்க நேரம் 15 முதல் 35 சதவீதம் கூடியதாகவும் சொல்கிறது. விளக்கப்படங்களில் முதல் எண் மட்டும் வரும், இரண்டாவது வராது. இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

குறைபாடுகளையும் கோரிக்கைகளையும் பதிந்து வைக்கும், நம் அலுவலகங்களிலேயே குவிந்து கிடக்கும் டிக்கெட்டுகளை ஆதாரமாக்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் அவை எப்படி உருவாயின என்பதை அறிந்த பிறகே முடியும். டெஸ்டர்களின் அப்ரைசல், பதிவு செய்த பக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று வைத்திருந்த ஓர் இடத்தை நான் அறிவேன். அங்கே ஒரே குறைபாடு திரைக்கொன்றாக ஐந்து டிக்கெட்டுகளாகப் பிரிந்தது. டெவலப்பரின் பெயரில் பக் கூடினால் மதிப்பெண் குறையும் என்று வைத்திருந்த வேறோர் இடத்தில், டெஸ்டர் டிக்கெட் போடாமல் போனில் சொல்லிவிட, சத்தமில்லாமல் திருத்தம் நடந்தது. இரண்டிலும் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. ஆளை மதிப்பிட வைத்த அளவுகோல் தரவை மாற்றிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தரவை எடுத்து எந்தக் குழுவின் தரம் மேல் என்று வரைபடம் போட்டால் அது எதையும் சொல்லாது. நேர்மையாகப் பதிவான டிக்கெட்டுகளிலும் சிக்கல் உண்டு. ஐந்து திறமூலப் புராஜெக்டுகளின் 7,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் படித்து 2013-ல் வெளியான ஆய்வில், பக் என்று குறிக்கப்பட்டவற்றில் 33.8 சதவீதம் பக் அல்ல. புதிய வசதிக்கான கோரிக்கையோ, ஆவணத் திருத்தமோ, வேறு ஏதோ ஒன்று.

ஒரு சிறு குழு தனக்காகச் சோதனை செய்ய விரும்பினால், பெரிய ஏற்பாடு தேவையில்லை. அடுத்த இரண்டு மூன்று மாத வேலைகளை, எடுத்துச் செய்யும் முன்பே குலுக்கல் போட்டு, கருவியோடு செய்பவை, கருவியின்றிச் செய்பவை என்று இரண்டாகப் பிரியுங்கள். எளிய வேலைக்கு மட்டும் கருவியைப் பயன்படுத்திவிட்டு அதன் பெருமையைப் பேசும் பிழையை அது ஒன்றே தடுத்துவிடும். எதை அளக்கப் போகிறோம், எவ்வளவு வேறுபாடு வந்தால் முடிவை மாற்றிக்கொள்வோம் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். முதல் வரி எழுதியது முதல் ரிவ்யூ முடிந்து முதன்மை நிரலோடு மெர்ஜ் ஆகும் வரையிலான முழு நேரத்தையும், ரிலீசுக்குப் பிந்தைய ஒரு மாதத்தில் அந்த இடத்தில் வந்த குறைபாடுகளையும் குறித்தால் போதும். டெவலப்பர் தட்டச்சு செய்த நேரத்தை மட்டும் எடுத்தால் ரிவ்யூ செய்பவர் மீது ஏறிய சுமை கண்ணில் படாது. இந்த எண்கள் எவருடைய அப்ரைசலுக்கும் போகாது என்று மேனேஜர் எழுத்தில் உறுதி தர வேண்டும், தந்தபடி நடக்கவும் வேண்டும். வேறுபாடு தெளிவாக இல்லையென்றால், தெளிவாக இல்லை என்றே கிளையன்ட்டிடமும் சொல்லுங்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களிடம் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. இன்னொரு நூலக மேலாண்மை மென்பொருளை எழுதுவதற்குப் பதிலாக, அச்சான ஓர் ஆய்வை எடுத்து நம் ஊர்த் தரவில் மீண்டும் செய்து பார்ப்பதை அவர்கள் புராஜெக்டாக எடுக்கலாம். கிளையன்ட் பெயர், ஊழியர் பெயர் நீக்கப்பட்ட பழைய டிக்கெட்டுகளில் ஒரு பகுதியைக் கிளையன்ட்டின் அனுமதியோடு ஒரு நிறுவனம் கொடுத்தால், மாணவர் இருவர் தனித்தனியே படித்து வகைப்படுத்தி, தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போனது என்பதைக் கோஹன் 1960-ல் தந்த கப்பா அளவால் கணக்கிட்டு, 33.8 சதவீதம் என்ற அந்த எண் இங்கே எவ்வளவாக வருகிறது என்று காட்ட முடியும். அப்படிக் கேட்டு வரும் மாணவர்களுக்கு டிக்கெட்டுகளைப் பெற்றுத் தரும் பொறுப்பை நிறுவனங்களின் தரப் பிரிவினர் ஏற்க வேண்டும்; விடையை அறிய வேண்டிய தேவை மாணவர்களைவிட நமக்கே கூடுதலாக இருக்கிறது.