தரவுவழிக் குற்றவாளிப் பண்புவரைவு

யார் செய்தார் என்று தெரியாத ஒரு குற்றம். அது நடந்த விதம், இடம், நேரம் ஆகியவற்றை வைத்து, செய்தவர் எப்படிப்பட்டவராக இருக்கக்கூடும் என்று ஊகிப்பதை உளவியலில் ‘அஃபெண்டர் ப்ரொஃபைலிங்’ என்கிறார்கள். அந்த ஊகத்தை நிபுணரின் அனுபவத்திடம் மட்டும் விட்டுவிடாமல், முன்பு துப்புத் துலங்கிய ஏராளமான வழக்குகளின் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டுச் செய்தால் அது தரவுவழி முறை.

‘ப்ரொஃபைல்’ இத்தாலிய மொழியின் ‘ப்ரொஃபீலோ’விலிருந்து வந்தது. வேரில் இருப்பது நூல், இழை என்று பொருள்படும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல். ஓர் உருவத்தின் விளிம்பை மட்டும் இழைபோல் கோடாக வரைவதே முதற்பொருள். முகமும் நிறமும் அதில் இல்லை. ஆகவே அதற்குத் தமிழில் ‘விவரக்குறிப்பு’ என்பது எனக்கு ஒப்பாது. அது பெயரும் முகவரியும் தெரிந்த ஒருவரைப் பற்றிய தாள். ‘ஆளுமைச் சித்திரம்’ அதைவிட மோசம். முழு மனிதரையே தீட்டிவிட்டதாக நம்பவைக்கிறது. ‘பண்புவரைவு’ பொருந்தும். ‘வரைவு’ என்றால் கோட்டுருவம். திருத்தத்துக்கு உரிய முன்வடிவமும் அதுவே, வரைவு மசோதா என்கிறோமே, அதுபோல. ‘தரவு’ ஏற்கெனவே நிலைத்துவிட்ட நல்ல சொல்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1970களின் பிற்பகுதியில் சிறையில் இருந்த கொலையாளிகளை நேர்கண்டது. அந்த 36 பேரின் பேச்சிலிருந்து, திட்டமிட்டுச் செய்பவர், ஒழுங்கின்றிச் செய்பவர் என்ற இருவகைப் பிரிவு வலுப்பெற்றது. கேட்பதற்குத் தெளிவான பிரிவுதான். ஆனால் பேச முன்வந்தவர்களின் வாக்குமூலம் எல்லாருக்கும் அளவுகோல் ஆகிவிடாது. பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கேன்டரும் சக ஆய்வாளர்களும் 100 தொடர்கொலைகளின் விவரங்களை எடுத்து, எந்தச் செயல்கள் ஒருசேர நிகழ்கின்றன என்று கணக்கிட்டு 2004இல் வெளியிட்டார்கள். அந்த இரு வகைகளும் தனித்தனியாகப் பிரிந்து வரவே இல்லை. திட்டமிடும் கூறுகள் பெரும்பாலான வழக்குகளில் பொதுவாக இருந்தன.

கேன்டரின் வழி 1986இல் லண்டனில் கவனம் பெற்றது. ரயில் பாதைகளை ஒட்டி நடந்த தொடர் பாலியல் வன்முறை, கொலை வழக்கு அது. சம்பவ இடங்களை ஆண்டுவாரியாகத் தனித்தனி வரைபடத் தாள்களில் குறித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். தொடக்கக் காலச் சம்பவங்கள் ஒரு பகுதிக்குள் அடங்கியிருந்தன. பின்னர் வந்தவை விரிந்து சென்றன. அந்தத் தொடக்கப் பகுதிக்குள்தான் குற்றம் செய்தவரின் வீடு இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது சரியாக அமைந்தது. இந்தத் துறைக்குப் ‘புலனாய்வு உளவியல்’ என்று பெயரிட்டவரும் அவரே. கனடாவில் கிம் ரோஸ்மோ இடம்சார்ந்த கணக்கீட்டைக் கணினி மென்பொருளாக வளர்த்தெடுத்தார்.

இடத்தைக் கணிப்பதில் கிடைக்கும் பலன் ஆளைக் கணிப்பதில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. ஒரேமாதிரிக் குற்றம் செய்தவர்கள் வயதிலும் பின்னணியிலும் ஒத்திருப்பார்கள் என்பது இந்த முறையின் அடிப்படை அனுமானம். பிரிட்டனில் முன்பின் அறியாத பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய 100 பேரின் பதிவுகளை வைத்து மோக்ரோஸும் அலிசனும் 2002இல் அதைச் சோதித்தார்கள். அத்தகைய ஒற்றுமை கிடைக்கவில்லை. இதை அறியாமல் இந்தச் சொல்லைப் புழங்குவது ஆபத்து.

1992இல் லண்டன் விம்பிள்டனில் நடந்த ஒரு கொலையில், வரைவோடு பொருந்துகிறார் என்று கருதப்பட்ட ஒருவரை வலைவிரித்துப் பிடித்து, ஓராண்டுக்கும் மேல் சிறையில் வைத்திருந்தார்கள். 1994இல் நீதிபதி அப்படி வலைவிரித்துத் திரட்டிய சாட்சியத்தை ஏற்க மறுத்தார். 2008இல் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆதலால் பயன்பாட்டில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இந்தச் சொற்றொடரில் ‘குற்றவாளி’ என்பது இன்னும் அடையாளம் தெரியாத, செயலைச் செய்தவரை மட்டுமே குறிக்கும். பிடிபட்டு நிற்பவரை அன்று. ‘பண்புவரைவின்படி இவரே குற்றவாளி’ என்று எழுதுவது பிழை. ‘பண்புவரைவு காட்டிய பகுதியில் முதலில் தேடினார்கள்’ என்பது சரி.