நாள்பட்ட இடுப்பு வலி: குனியும்போது பிடித்து நிறுத்துவது எது?

மூன்று மாதத்துக்கு மேல் கீழ்முதுகு வலியோடு இருப்பவரைக் குனியச் சொன்னால், பலர் முதுகைப் பலகை போல விறைத்து, மூச்சை அடக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றியபடி மெல்ல இறங்குவார்கள். வலி இல்லாதவர் முழுதாகக் குனிந்ததும் முதுகெலும்பின் இருபுறத் தசைகள் தளர்ந்துவிடும். பாரத்தை எலும்புகளை இணைக்கும் தசைநார்கள் வாங்கிக்கொள்ளும். தசையின் மின் இயக்கத்தைப் பதிவு செய்தால் இது தெளிவாகத் தெரியும். நாள்பட்ட வலி உள்ள பலருக்கு அந்தத் தளர்வு வருவதில்லை. குனியும்போதெல்லாம் இறுகியே கிடக்கும் தசை வலிக்காமல் என்ன செய்யும்?

இறுக்கத்துக்குப் பின்னால் பல நேரம் பயம் இருக்கிறது. "ஜவ்வு தேய்ந்துவிட்டது, குனியவே கூடாது" என்று யாரோ என்றோ சொன்னதே போதும். வலியே இல்லாத 20 வயதினரிலும் சுமார் 37 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் ஜவ்வுத் தேய்மானம் தெரிகிறது. 80 வயதில் 96 சதவீதம்.

முதுகு எவ்வளவு வளைகிறது என்று அளப்பதில் முதுகு வலிக்குச் சிகிச்சை தரும் எங்கள் துறைக்குக் கொஞ்சம் மோகம் அதிகம். ஷோபர் சோதனையில், நிற்கும்போது கீழ்முதுகில் குறித்த 15 செ.மீ. இடைவெளி குனியும்போது இன்னும் 5 செ.மீ.யாவது நீள வேண்டும். நன்றாக நீண்டும் ஒரு வாளியைத் தூக்கத் தயங்குபவர் உண்டு, 3 செ.மீ.யோடு முழுநேர வேலை பார்ப்பவரும் உண்டு. அன்றாட வேலை முடங்குவதோடு அதிகம் ஒட்டி வருவது பயம்தான்.

சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடின்மை, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காலில் கூடிவரும் பலவீனம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விபத்து, புற்றுநோய் வரலாறு இருந்தால் பயிற்சி வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்கள், பயப்படும் அசைவையே படிப்படியாகச் செய்து பழக வேண்டும். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை விட்டபடி, கைகள் தொடையிலிருந்து கணுக்கால் பக்கம் வழுக்கிச் செல்ல, முதுகை வளைத்துக் குனியுங்கள்: 10 முறை, நாளுக்கு இரண்டு வேளை. அடுத்து நின்றபடி. பிறகு ஸ்டூல் மேலிருந்து காலிப் பெட்டி, அப்புறம் தரையிலிருந்து, கடைசியாக எடை சேர்த்து. ஒவ்வொரு படியிலும் தொடங்குமுன் "என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்" என்பதையும் பயத்தின் அளவை 0 முதல் 10 வரையும் எழுதுங்கள்; முடிந்ததும் நடந்ததை எழுதுங்கள். பயம் பாதியாகக் குறைந்தால் அடுத்த படி.

இதைக் கெடுப்பது இடுப்புப் பெல்ட்டும், அடக்கிய மூச்சும், தொடையில் ஊன்றும் கையும். அவற்றோடு நூறு முறை குனிந்தாலும், "கை ஊன்றியதால் தப்பித்தேன்" என்றுதான் மனம் கணக்கு எழுதும். இன்னொன்று, வலி குறைந்த நாளில் மொத்த வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுப்பது. எண்ணிக்கையை வலி தீர்மானிக்கக் கூடாது; நல்ல நாளிலும் 10தான், மோசமான நாளிலும் 10தான். மறுநாளுக்குள் அடங்கும் வலி சேதத்தின் அடையாளம் அல்ல. அடங்காவிட்டால் முந்தைய படிக்கு இறங்கித் தொடருங்கள். படுக்கைக்குப் போக வேண்டாம்.