கிரீன் காஸ் கானை நிலக்கீழ் அறையில் வைக்காதீர்கள்

நவம்பரில் குளிர் இறுகியதும் எங்கள் ரொறன்ரோ ஸ்காபரோப் பெடியளில் அரைவாசிப் பேர் எயார்சொஃப்ட் துவக்குகளை, அதாவது காஸ் அழுத்தத்தால் சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துவக்குகளை, பையில் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு அந்தப் பை திறபடுவது ஏப்ரலில்தான். அடுத்த கிழமையே என் திருத்துமேசைக்கு முன்னால் வரிசை நிற்கும். எல்லோரிடமும் ஒரே முறைப்பாடு: "அண்ணா, மகசின் காஸ் பிடிக்குதில்லை." மகசின் என்றால் குண்டும் காஸும் அடைத்துத் துவக்கில் செருகும் பகுதி.

போன வசந்தத்தில் வந்த ஒரு தம்பியிடம், இதை எங்கே வைச்சிருந்தனீர் என்று கேட்டேன்.

"பேஸ்மென்ட்டிலை அண்ணா. லோண்ட்ரி அறையிலை, சுடுதண்ணி டாங்குக்குப் பக்கத்திலை."

"காஸ் கான்?"

"அதுவும் அந்தப் பைக்குள்ளைதான்."

மகசினைக் கீழே வைத்துவிட்டு அரை மணித்தியாலம் அவரோடு கதைத்தேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மகசின் ஒழுகினால் ரப்பர் வளையம் மாற்றலாம். அந்தக் கான் ஒழுகியிருந்தால் நிலைமை வேறு.

கிரீன் காஸ் என்று கடையில் விற்பது பெரும்பாலும் புரொப்பேன். அதோடு கொஞ்சம் சிலிக்கன் எண்ணெய். உங்கள் பின்வளவில் பார்பிக்யூ அடுப்புக்குக் கீழே நிற்கிற சிலிண்டரில் இருப்பதும் இதே புரொப்பேன்தான். ஒரேயொரு பெரிய வித்தியாசம் உண்டு. பார்பிக்யூ காஸில் கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே கெட்ட மணம் கலக்கிறார்கள். ஊரில் சமையல் காஸ் ஒழுகினால் அம்மா குசினிக்குள் கால் வைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவா, அந்த மணம்தான் காரணம். கிரீன் காஸில் பொதுவாக அது கலப்பதில்லை. முழுக் கானும் ஒழுகி முடிந்தாலும் மூக்குக்குத் தெரியாது.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. மேலே போகாது, தரையோடு படிந்து பள்ளத்தைத் தேடும். வீட்டில் ஆகப் பள்ளமான இடம் நிலக்கீழ் அறை. பெரும்பாலான வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் சுடுதண்ணி டாங்கும் நிற்பது அங்கேதான். பழைய டாங்க் என்றால் அடியில் ஒரு சிறு சுடர் இரவு பகலாக எரியும். சில வீடுகளில் சாமித்தட்டும் கீழேதான், விளக்கும் அங்கேதான். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு புரொப்பேன் சேர்ந்தாலே தீப்பற்றும். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் எங்கள் ஆட்களில் எத்தனை பேர்! அவர்கள் படுக்கிற இடமும் அதே தளம்தான். பார்பிக்யூ சிலிண்டரை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் படம் போட்ட சின்னக் கான் என்றதும் அதை ஷாம்பூப் போத்தல் மாதிரி நினைத்துவிடுகிறோம்.

கானை வெளியே, நிழலான, காற்றோட்டமுள்ள ஷெட்டில் பூட்டி வையுங்கள். குளிரால் கெடுதல் இல்லை, அழுத்தம் குறையும், அவ்வளவுதான். வெயில்தான் ஆபத்து. 20 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல 8 மடங்கு. 40 பாகையில் 13 மடங்கைத் தாண்டும். யூலையில் பூட்டிய காரின் டிக்கி அதைவிடச் சூடாகும். விளையாட்டு முடிந்து வரும் வழியில் கடைக்குப் போவதென்றால் முதலில் கானை வீட்டில் இறக்கிவிட்டுப் போங்கள். மகசினுக்கு காஸ் அடிப்பதும் வெளியில்தான். அடிக்கும்போது சீறுகிற திரவம் தோலில் பட்டால் பனிக்கடி வரும், கையுறை போடுங்கள்.

இனி மகசின். இதில் பலர் செய்வது நல்ல எண்ணத்தோடு செய்கிற பிழை: ஒரு துளி காஸும் இல்லாமல் வடித்துவிட்டு மாதக்கணக்கில் வைப்பது. உள்ளே அழுத்தம் இருந்தால்தான் வால்வின் ரப்பர் வளையங்கள் தம் இடத்தில் இறுகி உட்கார்ந்திருக்கும். வெறுமையாகக் கிடந்தால் காய்ந்து சுருங்கி இடம் விடும். அதனால் குண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, நிரப்பும் வாயில் ஒரு துளி சிலிக்கன் எண்ணெய் விட்டு, இரண்டு செக்கன் மட்டும் காஸ் அடித்து வையுங்கள். அந்தச் சில கிராமுக்கும் இடம் பார்க்கவேண்டும். மேல்மாடி அலுமாரி நல்லது. ஹீட்டர் காற்று வரும் வாய்க்குப் பக்கத்தில் வேண்டாம்.

கிரீன் காஸுக்குப் பதிலாக கார்பன் டையொக்சைட் அடைத்த சின்ன உலோகக் குப்பி போடுகிற மகசினுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. 12 கிராம் குப்பிக்குள் 20 பாகையில் 57 மடங்கு அழுத்தம். அதை ஒரு இரவுகூட உள்ளே விடாதீர்கள். சுட்டுத் தீர்த்து, சத்தம் ஓய்ந்தபின் திருகை மெல்ல மெல்லத் திறந்து, முகத்தை விலக்கிப் பிடித்தபடி எடுத்துவிடுங்கள். நான் மாற்றுகிற பழுதான வளையங்களில் பெரும்பங்கு, குப்பியோடு மாதக்கணக்கில் கிடந்த மகசின்களில் இருந்து வருபவைதான்.

எண்ணெயைப் பற்றி: தூய சிலிக்கன் மட்டும். கதவுக் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் அடிக்கிற எண்ணெய் சில ரப்பர் வகைகளை ஊதவைக்கும். சிலிக்கனையும் கண்ட இடத்தில் விடக்கூடாது. குழலின் அடியில் இருக்கிற ஹொப்-அப் ரப்பர் குண்டை உரசிப் பின்சுழற்சி கொடுப்பது. அதில் எண்ணெய் பட்டால் உரசல் போய் குண்டு கண்டபடி பறக்கும். தொழில் பழகின காலத்தில் நானே ஒருவரின் துவக்கை அப்படிக் கெடுத்து, புது ரப்பர் வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். குழலை உலர்ந்த துணிச்சுருளால் துடைத்தாலே போதும். ஹொப்-அப்பை முழுதாகத் தளர்த்தி, ஹாமரை (விசையை அழுத்தும்போது வால்வில் அடிக்கிற பகுதி) இறக்கி வையுங்கள். ஆறு மாதம் அமுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங்கும் ரப்பரும் பழைய மாதிரி எழும்பாது.

இதெல்லாம் தொடங்குமுன் மகசினைக் கழற்றி, ஸ்லைடை (துவக்கின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்து, குழலுக்குள் குண்டு இல்லையென்று கண்ணால் பாருங்கள். மகசின் கழன்றாலும் ஒரு குண்டு உள்ளே தங்கும். கண் பறிபோக ஒன்று போதும்.

குளிர்காலத்திலும் விளையாடுபவர்களுக்கு ஒன்று. வெளியில் சில்லிட்டுக் கிடந்த துவக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்தால் உலோகம் முழுக்க வியர்க்கும், துருவுக்கு அது போதும். மூடியபடியே இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, வீட்டுச் சூட்டுக்கு வந்தபின் திறந்து துடையுங்கள்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. போரைக் கண்டு வந்த ஒரு அம்மா, மகனின் கட்டிலுக்குக் கீழே கூட்டப்போன இடத்தில் இதைக் கண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாவாம். மகன் வேலையால் வரும்வரை எழும்பவில்லை. விளையாட்டுச் சாமான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பூட்டுள்ள பெட்டி வாங்குங்கள். சாவி உங்களிடம் இருக்கட்டும். ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஏப்ரலில் எடுக்கும்போது வெளியில் வைத்து கொஞ்சம் காஸ் அடித்து, மகசினைக் காதோடு பிடித்துப் பாருங்கள். சீறல் கேட்காவிட்டால் தண்ணீர்க் கோப்பையில் அமிழ்த்துங்கள். குமிழி எந்த இடத்தால் வருகிறது என்று பார்த்து, துடைத்து உலர்த்தி, அந்த இடத்தை எனக்குச் சொன்னால் வேலை பாதியாகக் குறையும்.