நஞ்சுப் பாசியைத் தின்னப் பழகிய கோப்பிபாடு

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மேய்ன் வளைகுடாவில், வெயில் ஏறும் மாதங்களில் அலெக்ஸாண்ட்ரியம் என்ற ஒற்றைச் செல் பாசி பெருகும். அது உண்டாக்கும் சாக்சிடாக்சின் என்ற நஞ்சு, நரம்புச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வழியை அடைத்துவிடும். இந்தப் பாசியைத் தின்ற சிப்பியை மனிதர் சாப்பிட்டால் உதடு மரத்துப்போகும், முற்றினால் மூச்சும் நின்றுபோகலாம். ஆனால் இதே பாசி மிதக்கும் நீரில்தான் கோப்பிபாடு என்ற சின்னஞ்சிறு உயிரி இரை தேட வேண்டும். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், நீளம் ஒரு மில்லிமீட்டர் அளவு.

கோப்பிபாடு கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதில்லை. வாயருகே உள்ள மயிரடர்ந்த உறுப்புகளை அசைத்து நீரைத் தன் பக்கம் இழுக்கும். அதிவேகக் கேமராவில் பார்த்தால், வந்து சேரும் செல்லைப் பிடிப்பதும், வாயருகே கொண்டுபோவதும், பிடிக்காவிட்டால் உதறித் தள்ளுவதும் தெரியும். நல்ல பாசியை மட்டும் பொறுக்கித் தின்றால், நஞ்சுப் பாசிக்குப் போட்டி குறையும். அது இன்னும் பெருகவும் இதுவே வழிவிடலாம்.

பாசியும் சும்மா இருப்பதில்லை. கோப்பிபாடுகளின் உடலிலிருந்து நீரில் கசியும் கோப்பிபோடமைடு என்ற கொழுப்புப் பொருளை அது உணர்ந்துகொள்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் இந்தப் பொருளை அடையாளம் கண்டார்கள். மிகமிகக் குறைந்த அளவே போதும், பாசி நஞ்சைப் பல மடங்கு கூட்டிக்கொள்கிறது. சங்கிலியாகச் சேர்ந்து நீந்தும் சில இனங்கள், ஆபத்து தெரிந்ததும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. சிறிதாகிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம்தானே.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் வரும் கதை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் டாம் குழுவினர் அகார்ஷியா ஹட்சோனிகா என்ற கோப்பிபாட்டை வெவ்வேறு கரைகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். நஞ்சுப் பாசி அடிக்கடி வரும் மேய்ன் கரையைச் சேர்ந்தவை அதைத் தின்று முட்டையும் இட்டன. அதைக் கண்டிராத நியூ ஜெர்சிக் கரையைச் சேர்ந்தவை திணறின. நஞ்சைத் தாங்காதவை குறைவாகவே குஞ்சு பொரிக்க, தாங்குபவற்றின் வாரிசுகள் பெருகியிருக்கின்றன. பரிணாமம் என்றதும் லட்சக்கணக்கான ஆண்டுகளை நினைக்கிறோம். கோப்பிபாட்டுக்கோ சில வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

தாங்கிக்கொள்வதால் நஞ்சு காணாமல் போய்விடாது. கோப்பிபாடு போன்ற மிதவை உயிரிகளின் வழியே அது மீன்களுக்கும் ஏறுகிறது. பக்கத்திலுள்ள ஃபண்டி விரிகுடாவில் 1976இலும் 1979இலும் ஹெர்ரிங் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதந்ததற்கு, நஞ்சேறிய மிதவை உயிரிகளைத் தின்றதுதான் காரணம்.