ஸ்காட்லாந்தில் இரண்டாவது பொது வாக்கெடுப்பு: அனுமதி யார் கையில்?

2014 செப்டம்பர் 18 அன்று, பிரிட்டனை விட்டுப் பிரிந்து தனி நாடாவதா என்று ஸ்காட்லாந்து மக்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 44.7 சதவீதம். பேச்சு அத்துடன் ஓயவில்லை. இன்னொரு முறை கேட்கலாமா என்று வாதிடுவதற்கு முன், கேட்கும் அதிகாரம் யாருக்கு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. பள்ளிக்கல்வி, மருத்துவமனை போன்றவை அதன் பொறுப்பு. இங்கிலாந்துடனான ஒன்றியமோ லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒதுக்கப்பட்ட பொருள். அச்சட்டத்தின் 30-ஆவது பிரிவின்கீழ், லண்டனின் சம்மதத்தோடு ஓர் ஆணை பிறந்தால்தான் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதில் கைவைக்க முடியும். 2012 அக்டோபரில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்து அரசின் தலைவர் அலெக்ஸ் சால்மண்டும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அந்த ஆணை கிடைத்தது. ஆனால் 2014 முடிவதற்குள் வாக்கெடுப்பை நடத்திவிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே பழைய ஆணையை வைத்து இரண்டாவது வாக்கெடுப்பு நடத்த வழியில்லை.

‘தலைமுறைக்கு ஒரு முறை’ என்று அப்போது சொன்னார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது பிரசாரத்தில் சொன்ன வார்த்தை. எந்தச் சட்டப் பிரிவிலும் கிடையாது. அதற்குள் நிலைமையும் மாறியது. 2016-இல் பிரிட்டன் முழுதும் நடந்த வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க 62 சதவீத ஸ்காட்லாந்து வாக்காளர்கள் விரும்பினார்கள். ஆனாலும் பிரிட்டனோடு சேர்ந்து அவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. ஸ்காட்லாந்து அரசு புதிய ஆணை கேட்டபோது 2017-இல் பிரதமர் தெரசா மே இது நேரமல்ல என்றார். 2020 ஜனவரியில் அடுத்த பிரதமர் போரிஸ் ஜான்சன் மறுத்துவிட்டார்.

லண்டன் சம்மதமின்றி, வெறும் ஆலோசனை வாக்கெடுப்பாக நடத்தினால் என்ன? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 நவம்பர் 23 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக முடியாது என்றார்கள். முடிவு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாவிட்டாலும் அதன் அரசியல் விளைவு பெரியது, எனவே அது இங்கிலாந்துடனான ஒன்றியத்தைத் தொடும் விஷயமே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வாக்குச்சீட்டில் இருக்கும் கேள்வியும் சிறிய விஷயமல்ல. 2014-க்கு முதலில் எழுதிய கேள்வி, ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற சொல்லே ஆம் என்ற பதிலை நோக்கி இழுக்கிறது என்று தேர்தல் ஆணையம் கண்டது. ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ என்று மாற்றினார்கள். 16 வயதினருக்கும், அங்கே குடியிருந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும் வாக்கு இருந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் வாழ்பவருக்கு இல்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. அதே பிரிட்டனில் வட அயர்லாந்துக்கு எழுதிய விதி இருக்கிறது. அயர்லாந்துடன் இணையப் பெரும்பான்மையினர் விரும்பக்கூடும் என்று தோன்றினால் அதற்குப் பொறுப்பான லண்டன் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும்; ஒன்று முடிந்து ஏழாண்டுகளுக்குள் அடுத்தது கூடாது. எப்போது தோன்றும் என்பதை அமைச்சரிடமே விட்டது குறைதான். ஆனாலும் கேட்பவருக்கு ஒரு வாசல் தெரிகிறது. ஸ்காட்லாந்துக்கும் அப்படியொரு விதியை எழுதிவைப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு வாக்குப் பெட்டியில் பிரிவினைக் கட்சிகள் எத்தனை இடம் வென்றாலும், அடுத்த ஆணை லண்டனின் சம்மதத்தோடுதான் வர முடியும்.